ஒளிந்து உண்ணும் பிள்ளைகள்

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொரு பெண் வருகிறாள். முனிவர் ஒருவருக்குரிய நாவற்கனியைக் காலால் சிதைத்த பிழைக்காக, பன்னிரண்டு ஆண்டுகள் தீராப் பசியால் வருந்துமாறு சபிக்கப்பட்டவள். எவ்வளவு உண்டாலும் அடங்காத அந்தப் பசிக்கு 'யானைத்தீ' என்று பெயரிட்ட சாத்தனார், அதை நோய் என்றே கருதினார். அந்நோய் தீர்த்த மணிமேகலை அவளுக்கு அறிவுரை ஏதும் கூறவில்லை, அமுதசுரபியிலிருந்து சோறிட்டாள்.

காப்பியம் காட்டிய அந்தப் பரிவு இன்றைய நம் வீடுகளில் இல்லை. அளவுக்கு மீறி உண்ணும் பிள்ளையைக் குறிக்க நம்மிடம் உள்ள சொற்கள் எல்லாம் வசைச் சொற்கள்: தின்னிப்பண்டாரம், சோத்துமூட்டை, பெருந்தீனிக்காரி. இந்தச் சொற்களைக் கேட்டு வளரும் பிள்ளைகளில் ஒரு சிலருக்கு இருப்பது பேராசையோ ஒழுக்கக் குறைவோ அன்று, மருத்துவ உலகம் பெயரிட்டு அங்கீகரித்த ஒரு மனநோய் என்பது பெரும்பாலான பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் 'பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஆர்டர்' எனப்படும் அதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இன்னும் அமையவில்லை. மிகையுண்ணல் நோய் என்று இங்கே குறிப்பிடலாம்.

கடலூர் மாவட்டத்தின் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வெளியூர் சென்று படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள விருத்தாசலத்தின் அரசு கலைக் கல்லூரியாக இருக்கலாம். அதே ஊரில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமாக இருக்கலாம். அதைவிட இருமடங்கு தொலைவில் உள்ள சிதம்பரமாகவும் இருக்கலாம். காலைப் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்ற பதற்றத்தில் வெறும் வயிற்றோடு கிளம்புகிறாள். உடல் பருத்துவிட்டதாகத் தோழியர் செய்த கேலி நினைவுக்கு வர, மதியச் சோற்றில் பாதியை மூடி வைக்கிறாள். மாலையில் வீடு திரும்பும்போது தலை வலிக்கிறது. இரவு அனைவரும் உறங்கிய பின் சமையலறைக்குச் செல்கிறாள். மிஞ்சிய சோறு, குழம்பு, முறுக்கு டப்பா, தம்பிக்கு வாங்கி வைத்த பிஸ்கட் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் விளக்கைப் போடாமலே உண்கிறாள். சுவை தெரிவதில்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றுகிறது; நிறுத்த முடிவதில்லை. வயிறு வலிக்கத் தொடங்கிய பிறகே கை ஓய்கிறது. நாளை முழுவதும் பட்டினி கிடப்பேன் என்று சூளுரைத்துவிட்டுப் படுக்கிறாள்.

அந்தச் சூளுரைதான் அடுத்த இரவின் தொடக்கம். இந்நோயைப் பற்றி நாம் புரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

முதலில், நோய் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தீபாவளியன்று பலகாரத்தையும் கல்யாண வீட்டில் பாயசத்தையும் அளவுக்கு மீறி உண்ணாதவர் யார்? அது நோயன்று. குறுகிய நேரத்தில், பிறர் உண்ணக்கூடியதைவிட மிகப் பெரிய அளவில் உண்பதும், உண்ணும்போது தன்னைத் தானே கட்டுப்படுத்த இயலவில்லை என்ற உணர்வும் சேர்ந்து வர வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதங்களுக்கு இது தொடர வேண்டும். வழக்கத்தைவிட விரைந்து உண்பது, பசியில்லாதபோதும் உண்பது, வயிறு வலிக்கும்வரை உண்பது, வெட்கத்தால் தனித்து உண்பது, உண்டபின் தன்மீதே அருவருப்பும் குற்ற உணர்வும் கொள்வது ஆகிய ஐந்தில் மூன்றேனும் காணப்பட வேண்டும். உண்டதை வலிய வாந்தி எடுத்தும் பேதி மருந்து உட்கொண்டும் வெளியேற்றும் பழக்கம் சேர்ந்திருந்தால் அது 'புலிமியா' என்ற வேறொரு நோய்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-இலேயே இந்த உண்ணும் முறையை விவரித்து எழுதினார். ஆயினும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது 2013-இல்தான். உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் இடம்பெற்று நடைமுறைக்கு வந்தது 2022-இல். 14 நாடுகளில் உலக சுகாதார அமைப்பின் சார்பில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாவோர் 1.4 விழுக்காடு என்றும், புலிமியாவுக்கு ஆளாவோர் 0.8 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. பெரும்பாலோருக்கு இது தலைகாட்டுவது பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும். அதாவது, பிளஸ் 2 வகுப்புக்கும் கல்லூரிப் பட்டத்துக்கும் இடைப்பட்ட காலத்தில்.

இவை மேலைநாட்டு நோய்கள், நமக்கென்ன என்று கேட்பவர் உண்டு. 1990-களின் நடுவில் டி.என்.சீனிவாசன், டி.ஆர்.சுரேஷ் உள்ளிட்ட சென்னை மனநல மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தனர். அவர்களில் 31 பேர் தம் உணவுப் பழக்கத்தாலும் உடல் எடையாலும் உருவத்தாலும் மன வேதனைக்கு உள்ளாகியிருந்தனர். மேலைநாட்டு நோய் வரையறைகளுக்குள் அவர்களின் வேதனை முழுமையாகப் பொருந்தவில்லை. 'உணவுசார் துயர்' என்ற பொருள்படும் பெயரை அதற்கு இட்ட அம்மருத்துவர்கள், நம் சூழலுக்கு ஏற்ற வினாப்பட்டியலையும் பின்னர் உருவாக்கினர். செல்பேசியும் சமூக ஊடகமும் இல்லாத காலத்தில், மருத்துவம் படிக்கும் மாணவர்களிடமே ஏழில் ஒருவருக்கு இந்த நிலை. அப்போதே எச்சரிக்கை மணி அடிக்கப்பட்டுவிட்டது; நம் காதில்தான் விழவில்லை.

மாணவர்களை இந்நோயை நோக்கித் தள்ளும் உளவியல் காரணிகளில் முதலில் வைக்க வேண்டியது, விந்தையாகத் தோன்றினாலும், உணவைத் தவிர்த்தல். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்களை அவர்களின் ஒப்புதலோடு ஆய்வுக்கு உட்படுத்தினார். போரால் பட்டினி கிடந்த மக்களை மீட்பது எப்படி என்று அறிவதே நோக்கம். ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்கள் உடல் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். எப்போதும் உணவைப் பற்றியே நினைத்தனர். சமையல் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினர். எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. மீண்டும் உணவு கிடைத்தபோது அவர்களில் சிலர் வயிறு முட்ட உண்டும் பசி அடங்கவில்லை என்றனர். அதற்கு முன்னர் அவர்களில் எவரும் பெருந்தீனிக்காரர் அல்லர். பட்டினி மனத்தை மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

உடல் பட்டினி கிடக்காவிட்டாலும், 'நான் உணவைக் கட்டுப்படுத்தியாக வேண்டும்' என்ற ஓயாத எண்ணமே போதும் என்று காட்டியது 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் கல்லூரி மாணவியரிடம் நடத்திய ஒரு சோதனை. சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்து, அதன் பின்னர் ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாத மாணவியர் மில்க் ஷேக் அருந்தியதால் ஐஸ்கிரீமைக் குறைவாக உண்டனர். இது இயல்பு. கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க் ஷேக் அருந்திய பிறகு ஐஸ்கிரீமைக் கூடுதலாக உண்டனர். 'விதியை மீறியாகிவிட்டது, இனி எவ்வளவு உண்டால் என்ன' என்பதே அந்த மனநிலை. முழம் நனைந்த பின் சாண் நனைந்தால் என்ன என்று நாம் சொல்வதும் இதைத்தான். கட்டுப்பாடு எவ்வளவு கடுமையானதோ, அது உடையும்போது வெள்ளமும் அவ்வளவு பெரிது.

அப்படியானால் விரதம் இருப்பதும் ஆபத்தா என்று ஒருவர் கேட்கலாம். பூவராகப் பெருமாள் எழுந்தருளியுள்ள ஸ்ரீமுஷ்ணத்தில் ஏகாதசி நோன்பு இருப்போருக்குக் குறைவில்லை. நோன்புக்கு ஒரு நாளும் ஒரு முடிவும் உண்டு. மறுநாள் பாரணை என்று அதை முறையாக நிறைவு செய்யும் வழக்கமும் உண்டு. நோன்பு இருப்பவர் தன் உடலை வெறுத்து நோன்பு இருப்பதில்லை. அங்கே கோயிலில் கோரைக்கிழங்கு சேர்த்துச் செய்யும் உருண்டை பிரசாதமாகக் கிடைக்கும். பலரோடு நின்று, கையில் வாங்கி, வெளிச்சத்தில் உண்பது அது. இளம்பெண் ஒருத்தி கண்ணாடியைப் பார்த்துக் கூசி, எப்போது முடியும் என்று தெரியாமல் தொடங்கும் பட்டினி முற்றிலும் வேறானது. ஆனாலும் ஏற்கெனவே இந்நோயின் பிடியில் உள்ளவர் விரதத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. உடல்நலம் குன்றியவருக்கு விரதத்திலிருந்து விலக்கு அளிப்பது நம் மரபுக்குப் புதிதன்று.

இரண்டாவது காரணி, தாங்க முடியாத உணர்ச்சியிலிருந்து தப்பித்தல். டாட் ஹெதர்டன், ராய் பாமெய்ஸ்டர் என்ற உளவியலாளர்கள் 1991-இல் இதை விளக்கினர். தன்னிடம் தானே மிக உயர்ந்த எதிர்பார்ப்புகளை வைத்திருக்கும் ஒருவர், அவற்றை எட்ட இயலாதபோது தன்னைப் பற்றிய நினைவே வேதனையாகிப்போகிறது. அந்த நினைவிலிருந்து தப்ப, கவனத்தை உடனடியான ஒன்றில் குறுக்கிக்கொள்கிறார்: மெல்லுதல், விழுங்குதல், அடுத்த கவளம். உண்ணும் அந்தச் சில நிமிடங்களில் மதிப்பெண் இல்லை, நீட் தேர்வு இல்லை, அரியர் தாள் இல்லை, கல்விக் கட்டணத்துக்காக அடகு வைத்த அம்மாவின் நகை இல்லை. சுவை தெரியாமல் உண்டேன் என்று நோயுற்றவர்கள் கூறுவது இதனால்தான். அவர்கள் நாடியது சுவையை அன்று, மறதியை.

நிறைவெறி, தன்மதிப்புக் குறைவு, பதற்றம், மனச்சோர்வு என்று பாடநூல்கள் அடுக்கும் காரணிகள் எல்லாம் பெரும்பாலும் இந்த வழியாகவே வேலை செய்கின்றன. 'முதல் வகுப்பு வாங்காவிட்டால் நான் ஒன்றுக்கும் உதவாதவள்' என்ற அதே கறுப்பு-வெள்ளைச் சிந்தனை, தட்டுக்கு வரும்போது 'ஒரு ஜிலேபி தின்றுவிட்டேன், இன்று கெட்டது' என்று உருமாறுகிறது. வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைகளிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தோல்வியைப் பகிர்ந்துகொள்ள அவர்களுக்கு வீட்டில் ஆள் இல்லை. கல்லூரியின் மொழியும் தேர்வு முறையும் பெற்றோருக்குப் புரிவதில்லை. புரிய வைத்து அவர்களைக் கலங்கடிக்கவும் பிள்ளைகள் விரும்புவதில்லை. விடுதியில் தங்கிப் படிப்போருக்குத் தனிமை இன்னொரு சுமை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்புகளும் மனக்கட்டுப்பாடும் நிலைகுலைகின்றன என்பதால், தேர்வுக்கால இரவுகள் இந்நோய்க்கு மிக ஏற்றவை.

மூன்றாவது காரணி வெட்கம். இதை நாமே உற்பத்தி செய்கிறோம். 'இப்படித் தின்றால் உன்னை யார் கட்டுவான்?' என்று உறவினர் ஒருவர் விளையாட்டாகச் சொல்வது, வகுப்பறையில் உடலை வைத்து இடும் பட்டப்பெயர், எடையைக் குறைத்துவிட்டு வா என்று பலர் முன்னிலையில் சொல்லும் உடற்கல்வி ஆசிரியர். எடையைக் கேலி செய்வதால் பிள்ளைகள் மெலிவதில்லை. கேலிக்கு உள்ளான பதின்பருவத்தினரிடம் பின்னாளில் மிகையுண்ணல் கூடுகிறது என்பதே அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் மாணவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளின் முடிவு. வெட்கம் உணவை மறைவிடத்துக்குத் தள்ளுகிறது. மறைவில் உண்பது வெட்கத்தை வளர்க்கிறது. அலமாரியைப் பூட்டி வைக்கும் அம்மாவும், பிஸ்கட் பாக்கெட்டை எண்ணி வைக்கும் அப்பாவும் நல்ல எண்ணத்தோடுதான் அதைச் செய்கிறார்கள். அந்தப் பூட்டு பிள்ளைக்குச் சொல்லும் செய்தி, 'நீ திருடி' என்பது.

ஆண் பிள்ளைகளின் நிலை வேறு விதம். அவர்கள் உண்பதை நாம் வீரமாகக் கொண்டாடுகிறோம். 2009-இல் வெளிவந்த 'வெண்ணிலா கபடி குழு' படத்தில் பரோட்டா உண்ணும் காட்சி ஒரு நடிகருக்கு அடைமொழியாகவே நிலைத்துவிட்டது. நாமும் சிரித்தோம், தவறில்லை. இப்போது யூடியூபில் தட்டு தட்டாக உண்டு காட்டுவதே பலருக்குப் பிழைப்பு. உணவுசார் நோய்களில் பெண்களின் எண்ணிக்கைக்கு ஓரளவு நெருக்கமாக ஆண்கள் வருவது மிகையுண்ணல் நோயில்தான். 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது பெண்களில் 3.5 விழுக்காடாகவும் ஆண்களில் 2 விழுக்காடாகவும் இருந்தது. ஆயினும் 'எனக்குச் சாப்பாட்டை நிறுத்த முடியவில்லை' என்று ஓர் இளைஞன் சொன்னால் நண்பர்கள் கைதட்டுவார்களே தவிர, காது கொடுக்க மாட்டார்கள்.

வறுமையில் உள்ளோருக்கு இது வராது என்ற எண்ணமும் தவறு. 2017-இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில், இலவச உணவுப் பொருள் வழங்கும் மையங்களுக்கு வந்த ஏழைகளிடம் கரோலின் பெக்கர் குழுவினர் ஆய்வு நடத்தினர். யாருடைய வீட்டில் உணவுத் தட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்ததோ, அவர்களிடமே மிகையுண்ணல் அதிகமாகக் காணப்பட்டது. மாத இறுதியில் பட்டினி, பணம் வந்ததும் அள்ளி உண்ணல் என்ற ஊசலாட்டம், விரும்பி மேற்கொள்ளும் டயட் செய்யும் அதே தீங்கைச் செய்கிறது. மினசோட்டா இளைஞர்களின் கதைதான் இதுவும்.

இங்கே நம் மாநிலம் பெருமைப்படவும் யோசிக்கவும் இடமிருக்கிறது. காமராஜர் காலத்தில் வேரூன்றி, 1982-இல் எம்.ஜி.ஆரால் சத்துணவாக விரிந்த மதிய உணவுத் திட்டம் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகளைக் காக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை. சோறு போடும் அரசின் கை விலகிக்கொள்ளும் வயதும், மிகையுண்ணல் நோய் தலைகாட்டும் வயதும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்துவிட்டன. மேல்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வெறும் வயிற்றோடு பேருந்து ஏறும் பிள்ளைக்கு, கல்லூரி உணவகத்தில் காலை எட்டு மணிக்கே இட்லி மலிவு விலையில் கிடைக்கச் செய்வது உணவுக் கொள்கை மட்டுமன்று, மனநலக் கொள்கையும்கூட. இதற்கு அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கல்லூரி முதல்வர்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் நினைத்தாலே போதும்.

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு, அதுவும் பலன் தரும் சிகிச்சை. ஆக்ஸ்போர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் போன்றோர் வளர்த்தெடுத்த அறிதிறன்-நடத்தைச் சிகிச்சையை முழுமையாக மேற்கொள்வோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் மிகையுண்ணலிலிருந்து முற்றிலும் விடுபடுகின்றனர்; மற்றவர்களில் பலருக்குக் கணிசமாகக் குறைகிறது. உறவுச் சிக்கல்களை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சையும் உதவுகிறது. மனச்சோர்வு சேர்ந்திருந்தால் மருத்துவர் அதற்கும் மருந்து தருவார். பெற்றோர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, இச்சிகிச்சையின் குறிக்கோள் எடைக் குறைப்பு அன்று. சிகிச்சைக் காலத்தில் எடை குறைக்கும் முயற்சியில் இறங்க வேண்டாம் என்றே மருத்துவர்கள் கூறுகின்றனர், ஏனெனில் அதுவே பழைய சுழலுக்குக் கதவைத் திறந்துவிடும். நோயுற்றவர்களில் எல்லோரும் பருமனானவர்களும் அல்லர். ஆகவே 'ஒல்லியாகத்தானே இருக்கிறாய், உனக்கென்ன' என்று கேட்பதும் பயன் தராது.

எங்கே செல்வது? உணவுசார் நோய்களுக்கென்று தனி மருத்துவரைத் தேடிச் சிற்றூர்களில் அலைய வேண்டியதில்லை. எந்த மனநல மருத்துவரும் தொடங்கி வைக்க முடியும். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். இரவு பதினொரு மணிக்குச் சமையலறை வாசலில் நிற்கும் பிள்ளைக்கு, அந்த நேரத்திலும் எடுத்துப் பேச ஒருவர் இருக்கிறார் என்பது சிறிய செய்தி அன்று.

வீட்டில் செய்யக்கூடியது சில. பூட்டை எடுத்துவிடலாம். எடையைப் பற்றிய பேச்சை, பாராட்டாக இருந்தாலும், நிறுத்தலாம். நள்ளிரவில் பிள்ளை உண்பதைக் கண்டால் விளக்கைப் போட்டு விசாரணை நடத்தாமல், மறுநாள் தனியாக, 'ராத்திரியில் தூக்கம் வரவில்லையா, மனசுக்கு ஏதாவது கஷ்டமா?' என்று கேட்கலாம். பதில் உடனே வராது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்க வேண்டியிருக்கும். முந்தைய இரவு என்ன நடந்திருந்தாலும் காலை உணவைத் தவிர்க்க விடாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் முக்கியம்.

சிகிச்சையின் தொடக்கமும் அதுவே. அங்கே எடை பார்க்கும் இயந்திரத்துக்கு முன்னதாக ஒரு குறிப்பேடு வரும். எப்போது, எங்கே, என்ன உண்டேன், அப்போது மனம் எப்படி இருந்தது என்று அன்றாடம் எழுதி வரச் சொல்வார்கள். பிறகு மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு சிறு தீனியும், நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயாமல் உண்ணச் சொல்வார்கள். 'இன்னும் குண்டாகிவிடுவேனே' என்று பிள்ளை அஞ்சுவாள். சில வாரங்கள் குறிப்பேட்டை நிரப்பிய பிறகு, இரவு நேரக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகி வருவதை அவளே பார்ப்பாள்.